தவமணிக்காகத் துடைத்த கணப்பு

அக்டோபர் 12, ஞாயிறு

ஹாலில் குளிர்காயக் கட்டின கணப்பின் வாயை அடைத்திருந்த பிளைவுட் பலகையை இன்று கழற்றினேன். ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவருமாக உட்கார்ந்தேன். ஆணியெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. கடைசி ஆணி வந்ததும் பலகை என் மடியிலேயே சாய்ந்தது. பின்னாலேயே ஒரு கூடை கரி. அதோடு சுள்ளி, இறகு, காய்ந்த எச்சம். ஏதோ பறவை புகைபோக்கிக்குள் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. இரண்டு தடவை தலைக்குக் குளித்தும் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது.

செப்டம்பரில் நான் ரிட்டையர் ஆகி, மதுரையிலிருந்து இங்கே கொடைக்கானலுக்கு ஏறி வந்தேன். தவமணிக்கு டிசம்பர் கடைசி வரை சர்வீஸ் இருக்கிறது. அவள் வருவதற்குள் வீட்டை மனுஷர் இருக்கிற மாதிரி ஆக்கிவிட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிப் பல வருஷம் பூட்டியே கிடந்த வீடு. ஓடு ஒழுகுகிறது, குழாய் சொட்டுகிறது, பின் கதவை எலி கரண்டியிருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் கணப்பில் ஏன் கை வைத்தேன் என்றால், தவமணிக்கு இந்த வீடு பிடித்ததே அதைப் பார்த்துத்தான்.

ஒரு தடவை ஆஸ்பத்திரி நர்ஸுகள் எல்லாரும் வேன் பிடித்து இங்கே டூர் வந்தோம். தங்கின விடுதியில் கணப்பு எரிந்தது. மற்றவர்கள் படுக்கப் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு எப்போதும் பாதம் சில்லிட்டுவிடும். என் புடவைக்கு அடியில் காலை நுழைத்துக்கொண்டு, "வயசானப்புறம் நாம இப்படி ஒரு இடத்துல இருக்கணும், பியூ" என்றாள். பேச்சுக்குச் சொன்னாளோ என்னவோ. நான் அடுத்த மாதமே சீட்டு கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

உள்ளே உள்ள செங்கலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார், கரி செங்கலுக்குள் இறங்கிவிடுமாம். வறட்டுத் தேய்ப்புதான். தோள்பட்டை கழன்று போனது.

தவத்துக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். "மூடின சிம்னியைத் திறந்து என்னத்துக்கு இந்த வேலை? அங்க என்ன நிரந்தரமாவா..." என்று ஏதோ ஆரம்பித்தவள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள். வார்டில் ஆள் பற்றாக்குறை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. டியூட்டி மாற்ற முடியவில்லையாம். அவளுக்காகச் செய்த அதிரசத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

கொத்தனார் சவரிமுத்து வந்தார். ஓடு மாற்றுவதற்காகக் கூரையில் ஏறியவரிடம் புகைபோக்கியையும் பார்த்துவிடச் சொன்னேன். மேலேயிருந்து கயிற்றில் பிரஷ்ஷைக் கட்டி இறக்கி இறக்கி இழுத்தார். கீழே நான் கணப்பின் வாயில் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்துப் பேருக்குச் சமைக்கலாம் போல அவ்வளவு கரி. உள்ளே புகைவழியைத் திறந்து மூடும் இரும்புத் தகடு இறுகிப்போய் இருந்தது. அதில் எண்ணெய் விட்டு, தட்டி, ஆட்டி, சாயங்காலம் ஒருவழியாக அசைந்தது.

"சிஸ்டர், பைன் கட்டையைப் போட்டுடாதீங்க. பிசின் போய் மேல ஒட்டிக்கும். சீகைக் கட்டைதான் நல்லது, அதுவும் காய்ஞ்சதா" என்றார்.

வீட்டு வரி ரசீது வந்தது, தவமணி பேரில். பத்திரமும் அவள் பேரில்தான். கிரயம் நடந்த வாரம் நான் அம்மாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டிருந்தேன். "உன் பேரையும் சேர்க்கிற மாதிரி இன்னொரு நாள் போட்டுக்கலாமா?" என்று தவம் கேட்டாள். யார் பேரில் இருந்தால் என்னடி என்று நான்தான் சொன்னேன்.

நவம்பர் 3, திங்கள்

முதல் தீ. படுதோல்வி. புகை மேலே போகாமல் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, வீட்டில் தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

வித்தை பிடிபட்டுவிட்டது. குளிர்ந்து கிடக்கிற புகைபோக்கி புகையை ஏற்காது. முதலில் ஒரு பழைய பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, தகட்டுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே உள்ள காற்று சூடாகி மேலே ஓடும். 'உஸ்' என்று ஒரு இழுப்பு சத்தம் வரும். அது வந்த பிறகு கீழே சுள்ளியைப் பற்ற வைத்தால் போதும். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். சாம்பலையும் முழுக்க வழிக்கக் கூடாது. அடியில் மெத்தை மாதிரி கொஞ்சம் விட்டால் கங்கு நின்று எரிகிறது.

தவத்திடம் சொன்னேன். இந்தத் தடவை நன்றாகக் கேட்டாள். "நிஜமாவே எரியுதா? புகை வரலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஒரு படம் எடுத்து அனுப்பேன், பியூ" என்றாள்.

என்னையும் கணப்பையும் சேர்த்து செல்ஃபி எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "நீ இல்லாம எடு. வெறும் ஃபயர்பிளேஸ் மட்டும். ஃபோனைப் படுக்கையாப் பிடி."

அவளுக்குப் படம் எடுக்கிறதில் எப்போதும் ஒரு நறுவிசு உண்டு.

நவம்பர் 16, ஞாயிறு

தவம் இந்த வாரம் நான்கு தடவை தானாகவே ஃபோன் பண்ணினாள். இவ்வளவு நாள் நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீடு முழுக்கப் படம் வேண்டுமாம். சமையலறை, மச்சு அறை, பாத்ரூம், வாசலில் இருந்து தெரியும் பள்ளத்தாக்கு. "வெயில் வர்றப்ப எடு. கட்டில் மேல துணி கிடக்கக் கூடாது" என்றாள். கணப்புக்கு மேலே உள்ள மேடையில் நான் வேத வசனப் பலகையும், எங்கள் நர்ஸிங் பேட்ச் போட்டோவும் வைத்திருந்தேன். "அதையெல்லாம் எடுத்துட்டு ஒரு பூச்சாடி மட்டும் வை. பளிச்னு இருக்கும்" என்றாள்.

அவள் ரசனை அப்படி. நான் எடுத்துவிட்டேன். பித்தளைச் சட்டத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். தீயை நன்றாகக் கிளறிவிட்டு, செம்பருத்தி நிறத்தில் கங்கு இருக்கும்போது எடுத்து அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில் போட்டாள். கூடவே ஒரு இதயம்.

வருவதற்கு முன்னாலேயே மனசால் இங்கே குடியேறிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

விடாத மழை. ஈரம் ஏறினால் கணப்பிலிருந்து பழைய கரி வாடை வருகிறது. தகட்டை மூடி வைத்தேன், குறைந்தது.

தவத்தைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரு ஆண் இருமும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு சார் ஃபியூஸ் போட வந்திருக்கிறார் என்றாள். மதுரையில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பக்கத்தில் வயதான ஒரு டீச்சரும் அவர் மகளும்தான் இருந்தார்கள். புதிதாக யாராவது குடிவந்திருப்பார்கள்.

நவம்பர் 29, சனி

மச்சு அறையில் சுண்ணாம்பு அடிக்க வந்த சவரிமுத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புகைபோக்கி அந்த அறைச் சுவரை ஒட்டித்தான் மேலே போகிறது. சுவரில் ஒரு வெடிப்பு, என் முழங்கை நீளத்துக்கு. ஓரத்தில் புகை படிந்து கறுத்திருந்தது. கொஞ்சம் தள்ளிக் கூரையின் மர உத்தரம்.

"இனிமே பத்த வைக்காதீங்க சிஸ்டர். புகை இந்த ரூமுக்குள்ள கசியுது. உத்தரம் சூடேறினா ஆபத்து. உள்ளே இரும்புக் குழாய் இறக்கணும், இல்லைன்னா இடிச்சுக் கட்டணும். மேலால பூசுனா நிக்காது."

சாயங்காலமே தவத்திடம் சொன்னேன். வெடிப்பு எவ்வளவு நீளம் என்று கேட்டாள். பிறகு, "சும்மா சிமெண்டு வெச்சுப் பூசி, மேல வெள்ளையடிச்சுடச் சொல்லு" என்றாள்.

"அது நிக்காதாம்டி. மேல படுத்திருக்கிறவங்களுக்குக் கெடுதல்."

"மேல யாரு படுக்கப் போறா? பார்த்தா தெரியாத மாதிரி இருந்தா போதும்."

செலவை நினைத்துச் சொல்கிறாள். நான் பூசச் சொல்லவில்லை. அவள் வந்ததும் நேரில் காட்டினால் புரிந்துகொள்வாள்.

டிசம்பர் 6, சனி

காலையில் முந்தின வாரத்துச் சாம்பல் வாளியைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தால், கேட்டுக்கு வெளியே ஒரு கார். நடுவயது ஆளும் அவர் மனைவியும் வீட்டையும் கையிலிருந்த ஃபோனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"இந்த வீடுதானேங்க விலைக்கு வந்திருக்கு?"

வேறு வீடாக இருக்கும் என்றேன். அந்த அம்மா ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் எடுத்த படம். செம்பருத்தி நிறக் கங்கு, துலக்கின பித்தளை, பூச்சாடி. கீழே எழுதியிருந்தது: நல்ல நிலையில் எரியும் கணப்பு, பள்ளத்தாக்குக் காட்சி, உடனே குடியேறலாம்.

"உள்ளே பார்க்கலாமா? நீங்கதான் வீட்டைப் பார்த்துக்கிறவங்களா?"

இன்றைக்கு முடியாது என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

இரண்டு நாளாகத் தவம் எடுக்கவில்லை. இன்று எடுத்தாள்.

"அது சும்மா, பியூ. என்ன விலை போகும்னு தெரிஞ்சுக்கலாம்னு ஒரு புரோக்கர்கிட்ட சொல்லி வெச்சேன்."

"என்கிட்டச் சொல்லிட்டு வெச்சிருக்கலாம்."

"சொன்னா நீ வருத்தப்படுவ."

"இப்ப?"

 உன் பாதி உனக்கு வந்துவிடும், அதில் நான் ஏமாற்ற மாட்டேன் என்றாள். அவள் ஏமாற்ற மாட்டாள். அது எனக்குத் தெரியும். அதையா நான் கேட்டேன்? நேரில் வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஏதோ கஷ்டத்தில் இருக்கிறாள். அவள் அக்கா மகன் தொழில் நடத்துகிறேன் என்று அடிக்கடி வந்து நிற்பான். அவனுக்காகத்தான் இருக்கும்.

டிசம்பர் 18, வியாழன்

ஜெயக்கொடி மதுரையிலிருந்து கூப்பிட்டாள். எங்கள் வார்டில் வேலை பார்த்தவள். கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லத்தான் கூப்பிட்டாள் பாவம்.

"என்ன சிஸ்டர், தவமணி சிஸ்டர் கல்யாணத்துக்கு உங்களைக் காணோமே? உடம்புக்கு முடியலைன்னு அவங்க சொன்னாங்க. இப்ப தேவலையா?"

தேவலை என்றேன்.

"நாங்களே அசந்துட்டோம். இந்த வயசுல எவ்வளவு தைரியம். அவரும் நல்ல மனுஷனாத் தெரியுறார். போன வருஷம் நம்ம வார்டுலதான் இருந்தாராமே, பாலகுருசாமின்னு, விவசாய ஆபீசுல இருந்து ரிட்டையர் ஆனவர். சம்சாரம் தவறிப் போச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே முடிச்சுட்டாங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

தெரியும் என்றேன். பாலகுருசாமியை எனக்குத் தெரியும்தான். நெஞ்சுவலிக் கேஸ். இரண்டு வாரம் நான்தான் அவருக்கு ஊசி போட்டேன். நரம்பு சுலபத்தில் கிடைக்காது.

எப்போது கல்யாணம் என்று ஜெயக்கொடியிடம் நான் கேட்க முடியாது. அவளாகவே சொன்னாள். நவம்பர் பதினேழு. அந்த இதயம் வந்ததற்கு அடுத்த நாள்.

சமையலறைப் பாத்திரம் முழுவதையும் இறக்கித் தேய்த்துக் கவிழ்த்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். குளிர் கடுமை. புல்லெல்லாம் உப்புப் பூத்தது போல் உறைபனி. கணப்பைப் பற்ற வைக்கவில்லை. போர்வை போதும்.

தவத்திடமிருந்து வாழ்த்து வந்தது. எல்லாருக்கும் சேர்த்து அனுப்புகிற பூப்படம்.

ஜனவரி 5, திங்கள்

வருகிறாளாம். பதின்மூன்றாம் தேதி. வாங்குகிறவர்களையும் அழைத்துக்கொண்டு. "அவரும் வர்றார்" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "வீடு சுத்தமா இருக்குல்ல?" என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

வந்தார்கள். போனார்கள். இன்றைக்கு எழுத முடியாது.

ஜனவரி 14, புதன்

எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு இரண்டு கார் வந்தது. ஒன்றில் சென்னையிலிருந்து ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் பேர் ஆதிரை. இடுப்பில் ஒரு கைக்குழந்தை, குரங்குக் குல்லா போட்டு. இன்னொரு காரிலிருந்து பாலகுருசாமி இறங்கி, தவமணிக்குக் கதவைத் திறந்துவிட்டார். மெலிந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் பெரிதாக வைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்றாள், கடைவீதியில் பார்த்தவளைக் கேட்கிற மாதிரி.

வீட்டைச் சுற்றிக் காட்டினேன். சமையலறை, மச்சு அறை, பின்கட்டு. கணப்பை முந்தின நாள் நன்றாகச் சுத்தம் செய்திருந்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. கை பழகிவிட்டது. ஆதிரை அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"போட்டோவில பார்த்ததைவிட அழகா இருக்கு. இதுக்காகத்தான் வந்தோம்" என்றாள்.

"கொஞ்சம் பத்த வைங்களேம்மா, அவங்க பார்க்கட்டும்" என்றார் பாலகுருசாமி என்னிடம்.

"பத்த வைக்கக் கூடாது. மச்சுல புகைபோக்கி வெடிச்சிருக்கு."

தவமணி சட்டென்று சொன்னாள். "அது சின்னக் கீறல்ங்க. பூசியாச்சு."

"பூசலை" என்றேன்.

 ஆதிரை குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "மேல ரூம்லதான் பாப்பாவைத் தூங்க வைக்கலாம்னு நினைச்சோம். கீழே எரிஞ்சா சுவர் கதகதப்பா இருக்கும்னு புரோக்கர் சொன்னார்."

அவளை மேலே கூட்டிப் போனேன். கட்டிலை நகர்த்தி டார்ச் அடித்துக் காட்டினேன். வெடிப்பில் விரல் வைத்துக் கறுப்பைக் காட்டினேன். "கரிப் புகையில இருக்கிற விஷத்துக்கு வாசனை கிடையாதும்மா. தூங்குற பிள்ளை எந்திரிக்காது. குழாய் இறக்கிச் சரி பண்ணுங்க, இல்லைன்னா மூடிடுங்க. சரி பண்ணாம ஒருநாள்கூட எரிக்காதீங்க." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளத் தோட்டத்துக்குப் போனார்கள்.

நான் கீழே வந்தபோது பாலகுருசாமி ஒரு ஜவுளிக் கடைப் பையை நீட்டினார்.

"பொங்கல் வருது, ஒரு புடவை. கலர் பிடிக்கலைன்னா மாத்திக்கலாம், பில் உள்ள இருக்கு. ரிட்டையர் ஆகிப் போக்கிடம் இல்லாம இருந்தீங்க, அதான் இங்க வந்து வீட்டைப் பார்த்துக்கச் சொன்னேன்னு தவமணி சொன்னா. கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. வாங்குறவங்களுக்கும் இங்க ஒரு ஆள் வேணும். உங்களையே வெச்சுக்கச் சொல்லி நான் பேசுறேன்."

அவர் முகத்தில் எள்ளளவும் கள்ளம் இல்லை. நல்லது செய்கிறோம் என்ற சந்தோஷம்தான் இருந்தது. நான் தவமணியைப் பார்த்தேன். கணப்பு மேடையில் இல்லாத தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாயைத் திறப்பாள் என்று நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன் போலிருக்கிறது. பையைப் பிடித்த அவர் கை இறங்கிவிட்டது.

"சார், இந்த வீட்டுல பாதி நான் போட்டது. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து குடியிருக்க வாங்கினது. பத்திரம் அவ பேர்ல இருக்கு, அவ்வளவுதான். நான் இங்க வேலைக்கு இருக்கிறவ இல்லை."

"தவமணி?" என்றார்.

"அவ சொல்றது நிஜம்தான்" என்றாள் அவள், மேடையைப் பார்த்தபடியே.

அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அணைந்த கணப்பு. வெளியே வெயில் இருந்தும் ஹாலுக்குள் நடுக்கியது.

"கல்யாணத்தைச் சொல்லலை. வீட்டை விக்கிறதைச் சொல்லலை. அதுக்கு என்னையே படம் எடுக்க வெச்ச. சரி. அதெல்லாம் போகட்டும். என்னை ஏன் இங்க ஒண்ட வந்தவள்னு சொன்ன, தவம்?"

"அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"எதை?"

"நம்மளை."

எனக்குக் கோபம் வந்தது. "ரெண்டு நர்ஸ், ஒரு வீடு. சொல்றதுக்கு இதுல என்ன கஷ்டம்?"

அவள் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "அவ்வளவுதானா, பியூ?"

அவ்வளவுதான் என்றேன். வேறென்ன சொல்வது.

நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள். "எனக்குப் பயம் வந்துருச்சு. வார்டுல எத்தனை பார்த்திருக்கோம். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனா, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட நான் யாரு? உன் தம்பி வந்து உடம்பை எடுத்துட்டுப் போவான், நான் கூட்டத்துல ஒருத்தியா நிப்பேன். எனக்கு ஒண்ணு ஆனாலும் அதான். அவர் கேட்டப்ப, பேர் சொல்லக்கூடிய ஒரு உறவு எனக்கும் இருக்கட்டுமேன்னு தோணுச்சு."

"இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ போகாதேன்னு சொல்லியிருப்ப. நான் போயிருக்க மாட்டேன்."

நான் காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்பக் குளிருது. கொஞ்சமாப் பத்த வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"கூடாது" என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. சாப்பிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

சென்னைக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். புகைபோக்கியைச் செங்கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிடப் போகிறார்களாம். விஷயத்தைச் சொன்னதற்கு ஆதிரை இரண்டு தடவை ஃபோன் பண்ணி நன்றி சொன்னாள். அதனால் விலை குறைந்தது. குறைந்ததைத் தவமணி தன் பங்கிலேயே கழித்துக்கொண்டு என் பாதியை முழுசாகப் போட்டுவிட்டாள். பாங்கிலிருந்து மெஸேஜ் வந்தது.

கீழே டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டிக்குச் சேர்ந்திருக்கிறேன். பின்னாலேயே ஒரு அறையும் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைக் கட்டில்.

பிப்ரவரி 7, சனி

சாவியைக் கொடுத்தேன். கணப்பின் அடியில் மெத்தையாக விட்டிருந்த சாம்பலை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அடைக்கப் போகிற இடம்தானே.

பிப்ரவரி 17, செவ்வாய்

பாலகுருசாமி ஆஸ்பத்திரி நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்.

"தவமணி சரியாச் சாப்பிடுறதில்லை. யார்கிட்டயும் பேசுறதும் இல்லை. உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்றார். நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போனா நல்லாருக்கும். எனக்கு உங்களைக் கூப்பிட என்ன உரிமை இருக்குன்னு தெரியலை. ஆனா வேற யாரைக் கூப்பிடறதுன்னும் தெரியலை."

"இட்லியாவது இறங்குதா? தூக்கம் எப்படி?" என்று கேட்டேன். கேஸ் விசாரிக்கிற பழக்கம். பிறகு, எனக்கு லீவு கிடைக்காது சார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு லீவுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

மதுரைக்கு முதல் பஸ் எப்போது என்று மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கைப்பையில் ஒரு மாற்றுப் புடவையும், பிரஷர் பார்க்கிற மிஷினும் இருந்தன. மதுரை வண்டி நின்றுகொண்டிருந்தது. பாதிதான் ஆள். ஜன்னலோரம் ஒரு சீட் காலியாக இருந்தது கீழேயிருந்தே தெரிந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்து இஞ்சினைப் போட்டார். படிக்கட்டில் நின்ற கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறலையாம்மா? வண்டி எடுத்தாச்சு" என்றார்.

"இல்லை தம்பி. ஆளை அனுப்ப வந்தேன்" என்றேன்.

அவர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. யாரையோ அனுப்ப வந்தவர்கள் நிற்பது போல, அது வளைவில் திரும்பி மறையும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.